அவருக்குக் கொஞ்சம் ஏசி

எழுப்பிய கையோடு யாருக்கும் வேலை கொடுக்கக் கூடாது மேடம். ஐந்து நிமிடமாவது சும்மா விட வேண்டும். மனிதருக்கும் அப்படித்தான், ஜெனரேட்டருக்கும் அப்படித்தான். நீங்கள்கூட இன்று காலை வந்து, தொப்பியைக் கழற்றி வைத்து, நிதானமாக ஒரு டீ குடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். அதைப் பார்த்ததுமே இந்த ஸ்ரீலட்சுமி மேடத்திடம் பேசலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நேற்று கேட்ட ஏட்டு வந்த வேகத்திலேயே மேஜையைத் தட்டினார். அப்படித் தட்டுகிறவரிடம் எனக்கு ஒன்றும் சொல்ல வராது.

என் பெயர் யோசுவா. வயது ஐம்பத்திரண்டு. வீடு பாறசாலையில். பதினோரு வருடமாகப் பூவாறில் ஒரு சுற்றுலாப் படகில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். படகின் பெயர் ‘ஆதிரா’. அது முதலாளி ஷாஜியின் மகள் பெயர். மேலே திறந்த தட்டு. கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ஹால். ஹாலின் பின்பக்கம் ஒரு பலகைத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் நான் இருக்கும் அறை. படகை ஓட்டுவது வேறு எஞ்சின், அது படகோட்டியான ஸ்ராங்கு ஸ்ரீகுமாரின் பாடு. ஏசி, விளக்கு, ஸ்பீக்கர், பாப்கார்ன் மெஷின் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்தவர் அவர்தான்.

அவர் என்று சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதலாம் மேடம், ஜெனரேட்டரைத்தான் சொல்கிறேன். முதல் வருடம் நானும் எல்லோரையும் போல ‘அது’ என்றுதான் சொன்னேன். ஒரு ஓணச் சீசனில் பதினெட்டு நாள் தொடர்ந்து ஓடினார், ஒரு தடவைகூட முகம் கோணவில்லை. அப்போது எனக்குக் கடுமையான காய்ச்சல், ஸ்ரீகுமாருக்கு வயிற்றுப்போக்கு, முதலாளி பாதி நாள் வரவே இல்லை. அந்தப் படகில் ஒழுங்காக வேலை பார்த்த ஒரே ஆளை ‘அது’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

அவரைப் பார்த்துக்கொள்வதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. காலையில் எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் அவர் உடம்பைக் குளிர வைத்துக்கொள்கிறார், ஆகவே தண்ணீர் வரும் வழியில் இருக்கும் சல்லடையில் குளவாழைச் செடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரை இழுக்கும் ரப்பர்ச் சக்கரத்தைச் சீசனுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறுத்தும்போது படாரென்று நிறுத்தக் கூடாது. ஏசியை எடுத்து, விளக்கை எடுத்து, பாரம் எல்லாம் இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். உள்ளே இருக்கும் சூடு அப்போதுதான் ஆறும். இதைச் செய்யாமல் எத்தனை ஜெனரேட்டர்களை இந்த ஊரில் பாழாக்கியிருக்கிறார்கள் தெரியுமா. சொன்னால் வயிறு எரியும்.

என் மனைவி தாசம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. “எனக்க அப்பன் உமக்குக் கட்டிக் குடுத்து இருவத்தாறு வருசம் ஆச்சு. ஒரு நாளாவது எனக்க நெத்தியில கைய வெச்சு, சூடு இருக்கான்னு பாத்திருக்கீரா?” என்று கேட்டாள். “உனக்கு மீட்டர் இல்லையே” என்றேன். நியாயமான பதில்தான். ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

கெடுதல் ஆரம்பித்தது போன ஜனவரியில். படகில் வந்துபோன யாரோ ஒருவர் இன்டர்நெட்டில் எழுதிவிட்டார். காட்சி அருமை, கரிமீன் அருமை, ஜெனரேட்டர் சத்தம் சகிக்கவில்லை, இரண்டு நட்சத்திரம். முதலாளி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். “எடோ யோசுவா, ஆளுகள் இங்க வரது பட்சிகளுக்க ஒச்சை கேக்கான். இவனுக்க ஒச்சை ஆருக்கு வேணும்?” என்றார். அவன் என்று சொன்னார் மேடம்.

மறுவாரம் ஆசாரியைக் கூட்டிவந்து அவரைச் சுற்றிப் பலகை அடித்து, உள்ளே முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டி, ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். வெளிக்காற்று வரும் ஜன்னலும் அதில் மூடிப்போயிற்று. சத்தம் குறைந்தது உண்மைதான். கழுத்தை நெரித்தால் யாருக்குமே சத்தம் குறையும். “முதலாளி, அவருக்கு மூச்சு முட்டும்” என்றேன். “முட்டினா நீ ஊதிக் குடுடோ” என்று சிரித்தார்.

புகை போகும் குழாயில் வெடிப்பு விட்டதும் அந்தச் சூட்டினால்தான். என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, நனைத்து, அந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினேன். படகின் தினசரி நோட்டிலும் எழுதினேன். ‘அவருக்கு இருமல். கழுத்தில் துணி சுற்றியிருக்கிறது. வெளிக்காற்று தேவை.’ நேற்று ஏட்டு அதை வாசித்துவிட்டு, இது எந்த நோயாளி என்று கேட்டார். முதலாளி கேட்கவில்லை. வாசித்துக் கையெழுத்துப் போட்டார். ஹாலில் விஷவாயு வந்தால் கூவுகிற ஒரு சின்ன அலாரம் சுவரில் இருந்தது, அதன் பேட்டரியைக் கழற்றி ஏசி ரிமோட்டில் போட்டவரும் முதலாளிதான். இதையெல்லாம் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றீர்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் படகில் பேட்டரிதான் என்றார். சத்தமில்லை, புகையில்லை. “ஜெனரேட்டரைக் குவாரிக்காரருக்குச் சொல்லியாச்சு. திங்கட்கிழமை லாரி வரும்.” நான் வேண்டுமானால் மேல்தட்டில் பாப்கார்ன் போடலாமாம்.

நான் எனக்காக வருத்தப்படவில்லை மேடம். பாப்கார்ன் போடுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் குவாரியை நினைத்துப் பாருங்கள். கல்லுப்பொடி. நாள் முழுக்கப் பொடி. காற்று வடிகட்டியை ஒருவன் தட்டக்கூட மாட்டான். பதினோரு வருடம் ஆற்றுக்காற்றிலும் ஆற்றுத் தண்ணீரிலும் வாழ்ந்தவரை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் ஆறு மாதம் தாங்குவாரா? அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. படகுத்துறையில் நின்று அழுதேன் என்றுகூட எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம். ஜெப விண்ணப்பச் சீட்டில் நான் எழுதிக் கொடுத்தேன். ‘பதினோரு வருடமாக என்னோடு இருப்பவர். மூச்சுத் திணறல். இருமல். திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள்.’ போதகர் அதை வாசித்ததும் சபை முழுவதும் முழங்கால் போட்டது. இரண்டு பெண்கள் ஏங்கி ஏங்கி அழுதார்கள். முடிந்த பிறகு ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, “எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருக்கு தம்பி?” என்று கேட்டார். “தண்ணியிலதான் ஐயா இருக்காரு” என்றேன். தாசம்மாள் வீடு வந்து சேரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். யாரையும் நான் ஏமாற்றவில்லை, சீட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

சனிக்கிழமை திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்திலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் வினீத் என்ற ஒருவருக்குப் பிறந்தநாள். வந்த நிமிடத்திலிருந்து படகில் குடிக்கக் கிடைக்குமா என்று கேட்டு முதலாளியைப் பிய்த்து எடுத்துவிட்டார். படகில் மது கூடாது என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். வினீத் நட்சத்திரம் ஒன்றுதான் போடுவேன் என்று மிரட்டினார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு எல்லோரும் மேல்தட்டில் ஆட்டம் பாட்டத்தில் இறங்கிவிட்டார்கள். முதலாளி வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு, யாரும் இல்லாத ஏசி ஹாலில் போய் சோபாவில் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குச் சூடு காட்டும் மீட்டரில் முள் ஏற ஆரம்பித்தது. ஆறு கடலில் சேரும் பொழிக்கரைப் பக்கம் குளவாழை அதிகம், தண்ணீர் சரியாக ஏறவில்லை. காற்றும் இல்லை. ஏசி, ஸ்பீக்கர், பாப்கார்ன் என்று பாரம் முழுவதும் அவர் தலையில். பெட்டியைத் தொட்டால் கை சுட்டது.

அந்த அறையில் நின்று கத்தினால் யாருக்கும் கேட்காது. ஆகவே நான் எப்போதும் போனில்தான் பேசுவேன். முதலாளியைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

“முதலாளி, ஆளு நல்லா சூடாயிட்டாரு.”

“ஆரு?”

“அவருதான். வெள்ளம் கிட்டல்ல. இனியும் இப்படி விட்டா பெரிய பிரச்சினையாவும்.”

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், அது உங்களுக்குத் தெரியும். குடிக்கிறவர்கள் வாயில் அது மது, அதுவும் உங்களுக்குத் தெரியும்.

“ஐயோ, பிரச்சினை ஆக்கல்லே. பச்சையோ?” என்று கேட்டார்.

“ஆமா முதலாளி, பச்சை.” அவருக்குப் பச்சை பெயின்ட் மேடம். வாங்கும்போதே அந்த நிறம்தான்.

“எடோ, அவரை இங்க ஏசி ஹாலில் கொண்டு இருத்து. நல்லா தணுக்கட்டே. வெள்ளத்துக்குக் கரைக்குப் போயி வழி பண்ணலாம். நான் ஒண்ணு கண்ணடச்சோட்டே.” போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக முதலாளி அவரை ‘அவர்’ என்று சொல்லியிருக்கிறார். அதுவும் ஏசி கொடுக்கச் சொல்லி. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, முதலாளி அந்த வினீதை நினைத்துக்கொண்டு பேசினார் என்று. எனக்கு எப்படித் தெரியும்? நான் ஜெனரேட்டர் பார்க்கிறவன். ஜெனரேட்டரைப் பற்றிப் போன் செய்தேன். முதலாளி உத்தரவு கொடுத்தார்.

அவர் எடை முந்நூற்று எண்பது கிலோ. ஹாலில் கொண்டு இருத்துவது நடக்காத காரியம். ஆகவே ஏசியை அவரிடம் கொண்டுவரலாம் என்று முடிவு செய்தேன். முதலில் ஸ்பாஞ்ச் பெட்டியைக் கழற்றினேன். பிறகு நடுவில் இருந்த பலகைத் தடுப்பில் எட்டு ஸ்குரூ. அதையும் கழற்றி, பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். பதினெட்டு டிகிரிக் காற்று குப்பென்று வந்து அவர்மேல் விழுந்தது. முள் மெல்ல மெல்ல இறங்கியது. அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை மேடம். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கும்போது வருமே, அந்த மாதிரி.

முதலாளி இரண்டடி தூரத்தில் சோபாவில் படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது, போன் நெஞ்சின் மேல் இருந்தது. சூட்டில் குழாயில் சுற்றிய துணி கருகி அவிழ்ந்திருந்தது. புகை கொஞ்சம் ஹாலுக்குள் போனது, பார்த்தேன். துணியை மறுபடி சுற்ற வேண்டுமென்றால் அவரை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஏசியும் நிற்கும், ஏசி நின்றால் முதலாளி எழுந்துவிடுவார். தூங்குகிறவரை எழுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. குளிர் வீணாகக் கூடாது என்று ஹாலின் கண்ணாடிக் கதவை மட்டும் நன்றாக இழுத்துச் சாத்திவிட்டு, வெளியே படிக்கட்டில் காற்றோட்டமாக உட்கார்ந்தேன்.

அரை மணி கழித்துக் கண்ணாடி வழியாக முள்ளைப் பார்த்தேன். எழுபத்தெட்டில் ஆடாமல் நின்றது. முதலாளியையும் பார்த்தேன். முகம் நல்ல சிவப்பாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. குறட்டைகூட இல்லை. சத்தம் பிடிக்காத மனிதர், நிம்மதியாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணி வாக்கில் ஸ்ரீகுமார், படகைக் கரைக்குத் திருப்பலாமா என்று கேட்க இறங்கி வந்தார். கதவைத் திறந்தவர் இருமிக்கொண்டே பின்வாங்கினார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி முதலாளியைப் பிடித்து உலுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “எடா, அதை ஆஃப் ஆக்கடா, ஷாஜியண்ணன் எழும்பல்ல” என்று அலறினார்.

நான் ஆஃப் ஆக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் இதைத் தப்பாகவே எழுதுகிறார்கள். பாரத்தை ஒவ்வொன்றாக இறக்குகிறேன், ஐந்து நிமிடம் பொறு என்றுதான் சொன்னேன். முதலில் பாப்கார்ன் மெஷினை எடுத்தேன். பிறகு ஸ்பீக்கரை. மேலே பாட்டு நின்றதும் வினீத் பாதிப் படி இறங்கிவந்து, “சேட்டா, பாட்டு எப்போ வரும்?” என்று கேட்டார். பொறுமையாகவே பதில் சொன்னேன். ஸ்ரீகுமார் சுவிட்சைப் பிடிக்க வந்தார். எனக்கு அவரைவிட உடம்பு உண்டு. தோளால் மறித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தில் அடித்தார், இதோ பாருங்கள், பல் ஒன்று ஆடுகிறது. நான் திருப்பி அடிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே முதலாளியை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஐந்து நிமிடம் ஆனதும் நிறுத்தினேன். அழகாக நின்றார். ஒரு குலுக்கல் இல்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில், வரும்போதே முதலாளி இறந்துவிட்டிருந்தார் என்று சொன்னார்கள். வருத்தம்தான். ஆதிராவுக்கு அடுத்த மாதம் பரீட்சை. அந்தப் பிள்ளைக்கு என்னால் ஆனதைச் செய்வேன் என்று சொல்லி அனுப்பினேன், அவர்கள் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அது அவர்கள் இஷ்டம்.

திங்கட்கிழமை குவாரி லாரி வந்ததாகக் கேள்விப்பட்டேன். வந்து வெறுமனே திரும்பிப் போனதாம். நீங்கள்தான் அதற்குள் அவரைக் கழற்றி, வழக்குத் தொண்டிப் பொருள் என்று சீட்டு ஒட்டி, ஸ்டேஷன் முற்றத்தில் மாமரத்தடியில் தார்ப்பாய் போட்டு வைத்துவிட்டீர்களே. வழக்கு முடியும்வரை யாரும் தொட முடியாது, விற்க முடியாது என்று ஏட்டு சொன்னார். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். எட்டு, பத்து, அப்பீல் போனால் அதற்கு மேலும் என்றார். அந்த மனிதர் மேஜையைத் தட்டினாலும் நல்லவர்தான். அன்றுதான் நான் நாலு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு விண்ணப்பம் மட்டும். அவரைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது மேடம். பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம், கொஞ்சம் பாரத்தோடு ஓட்ட வேண்டும். இந்த ஸ்டேஷன் மின்விசிறிகளை மாட்டினால் போதும். தண்ணீருக்கு ஒரு தொட்டியும் ஹோஸும் வேண்டும், அதை எப்படி இணைப்பது என்று காகிதத்தில் படம் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி நீங்கள் கையெழுத்துக் கேட்பீர்கள். போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. முதலாளியின் போனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகும். பூட்டைத் திறக்கத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். நாளைக்கோ நாளை மறுநாளோ நீங்களே கேட்டுவிட்டு, யோசுவா பொய் சொன்னான் என்று நினைக்கக் கூடாது. நான் பொய் சொல்லவில்லை, ஒரு சொல்லை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

முதலாளி போனில் வெறும் ‘பச்சையோ’ என்று கேட்கவில்லை. “பச்சை ஷர்ட்டோ?” என்று கேட்டார். அன்று வினீத் போட்டிருந்தது பச்சைச் சட்டை. நானும் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான், கொஞ்சம் யோசித்துத்தான், ஆமாம் என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அவர் சட்டை போடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.